சூரிய அடுப்பு மானியமும் மோட்டார் அறைப் பூட்டும்

பெயர் சௌந்திரம், வயது 36, கணவர் பெயர் சென்னிமலை, மல்லசமுத்திரம் அருகே தோட்டத்து வீட்டில் குடியிருந்து விவசாயம் செய்து வருகிறேன். 26.4.1986 அன்று விசாரித்தபோது சொல்வதாவது.

கடந்த தை மாதம் சின்னராஜ் என்பவர் எங்கள் ஊருக்கு வந்து, கண்ணாடி மூடி போட்ட பெட்டியை வெயிலில் வைத்துச் சோறாக்கிக் காட்டினார். விலை அறுநூறு ரூபாய், அதில் இருநூறு சர்க்கார் மானியமாகப் பிறகு வரும், மீதியை விறகு, சீமெண்ணெய்ச் செலவு மிச்சத்தில் இரண்டு வருடத்தில் எடுத்துவிடலாம் என்றார். நான் ஒன்று வாங்கினேன். அந்த மாதமே விறகு பாதியாகக் குறைந்தது. அதை நான் சொல்லக் கேட்டு மேலும் நான்கு வீட்டார் வாங்கினார்கள். என் கணவரின் அண்ணன் மனைவி பெருமாயி தன் காதுத் தோட்டை அடகு வைத்து வாங்கினார்.

அதன் பிறகு மூன்று மாதமாக மானியம் வரவில்லை. பெருமாயி தினமும் என் வாசலில் வந்து, "ஏஞ் சௌந்திரம், உம்பேச்சக் கேட்டுத்தானே தோட்டக் கழட்டுனேன்" என்று கேட்பார். நான் அவர் வீட்டுப் பாதையில் நடப்பதை விட்டுவிட்டேன்.

23.4.1986 காலை பத்து மணிக்குச் சின்னராஜ் பஸ்ஸில் வந்து இறங்கினார். பெருமாயியின் மகன் கந்தப்பன் அவரை இழுத்துப்போய்த் தகரம் வேய்ந்த மோட்டார் அறையில் தள்ளிப் பூட்டினார். நான் போய் ஜன்னல் வழியே பார்த்தேன். "அக்கா, மானிய ஆர்டர் வந்துருச்சுங்க, கையெழுத்து வாங்கத்தானுங்க வந்தேன், யாரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றார். கம்பிக்குள் சொம்பு நுழையாததால் அவர் கையில் தண்ணீர் ஊற்றினேன். பாதி தரையில் போயிற்று.

அதன் பிறகு சாவி கேட்டேன். "பணத்த எண்ணி வெச்சாத்தான் தெறப்பேன் சின்னம்மா" என்றார் கந்தப்பன். என் கணவரும், "வாங்கச் சொன்னதே நீ. இப்பப் பரிஞ்சு பேசுனா உன்னையும் கூட்டுக்களவாணிம்பாங்க" என்றார். அதற்குப் பயந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று சோறாக்கவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு மறுபடி போய்க் கூப்பிட்டபோது உள்ளேயிருந்து பதில் இல்லை. கடப்பாரையால் பூட்டை உடைத்தேன். அவர் சுவரோரம் நினைவில்லாமல் கிடந்தார், உடம்பு கொதித்தது. வண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்றுவரை அவருக்குப் பேச்சு வரவில்லை.

சம்பவத்தன்று நான் எடப்பாடியில் என் தாய் வீட்டில் இருந்ததாகச் சொல்லும்படி கந்தப்பன் கேட்டுக்கொண்டார். நான் எடப்பாடிக்குப் போகவில்லை. பத்து மணிக்கும் மோட்டார் அறையருகே இருந்தேன், இரண்டு மணிக்கும் இருந்தேன். இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) செ. சௌந்திரம்