டப்பாசாமி பொய் சொன்னதில்லை

ஜ்யோத்ஸ்னா எனக்குத் தர வேண்டியிருந்த கூலி பாக்கி பதினேழாயிரத்து அறுநூறு ரூபாய். அதற்காக நான் அதைச் செய்யவில்லை. ஐயா இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பெயின்ட் வேலையில் பாக்கி நிற்பது சாதாரணம். தில்லியில் எனக்குப் பாக்கி வைக்காத ஆளே இல்லை. யாரையும் நான் ஒன்றும் செய்ததில்லை.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. ஊர் செஞ்சிப் பக்கம். உயரமான கட்டிடங்களுக்கு வெளிச்சுவர் அடிக்கிற வேலை. மொட்டைமாடியிலிருந்து இரண்டு கயிற்றில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு அதில் உட்கார்ந்து அடிப்போம். இங்கே அதை ஜூலா என்பார்கள். எங்கள் கூட்டத்தில் கயிறு கட்டுவது என் பொறுப்பு.

கட்டியவன் கைப்பிடிச்சுவரில் அடையாளம் போட வேண்டும். மற்றவர்கள் பெயர் எழுதுவார்கள். எனக்கு அப்போது எழுத்து தெரியாது. அதனால் ஒரு பெயின்ட் டப்பாவை வரைந்து கை கால் வைத்தேன். என்னைப் போலவே அதற்கும் ஒரு கால் குட்டை. மூடிதான் வாய். கயிற்றைக் கட்டி மட்டும் இருந்தால் மூடி மூடியிருக்கும். பலகையில் மணல் மூட்டைகளை ஏற்றித் தொங்கவிட்டு, முடிச்சு நழுவவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு அதை அழித்துவிட்டு, மூடி திறந்த மாதிரி வரைவேன். பசங்கள் டப்பாசாமி என்று பேர் வைத்தார்கள். "சாமி வாயைத் தொறந்துச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் பலகையில் காலை வைப்பார்கள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் மாடிகளில் இன்னும் இருக்கும், போய்ப் பார்க்கலாம். வயது ஏறின பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டேன். அப்போதும் பெயரை எழுதவில்லை. பெயர் எல்லோருக்கும் இருக்கிறது.

ஜ்யோத்ஸ்னா சுவர்களில் பெரிய பெரிய படம் வரைகிற பெண். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது இங்கே. அவளுக்குக் கயிறு கட்ட என்னையும், கலர் கலக்க எங்கள் கூட்டத்து வேணுவையும் கூப்பிட்டாள். முதல் நாளே மாடியில் டப்பாசாமி முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இது யாரு அங்கிள்? ரொம்ப ப்யாரா, அழகா இருக்கே!"

சொன்னேன். வாய் மூடியிருந்தால் ஏறக்கூடாது, திறந்திருந்தால் ஏறலாம் என்றும் சொன்னேன். சிரித்துக்கொண்டே போனில் படம் பிடித்தாள். என் வேலையை அதுவரை யாரும் படம் பிடித்ததில்லை. அன்று வீட்டில் மனைவி வள்ளியிடம்கூடச் சொன்னேன்.

சில மாதம் கழித்து அவள் வரைகிற ஒவ்வொரு சுவரின் மூலையிலும் ஒரு டப்பா நின்றது. கன்னத்தில் சிவப்பு, காலில் ஷூ, இரண்டு காலும் ஒரே அளவு. பேர் டப்பூ. பிறகு பனியனில் வந்தது, காபிக் கோப்பையில் வந்தது. அவளைத் தெரியாதவர்களுக்கும் டப்பூவைத் தெரிந்தது. வேணு என்னைச் சீண்டினான். "என்னண்ணே, சாமி கட்சி மாறிடுச்சு? ரோஸ் பவுடர்லாம் பூசிக்கிட்டு அலையுது."

ஆர்.கே.புரத்தில் ஒரு மண்டபத்தில் அவளை மேடையேற்றினார்கள். கடைசி வரிசையில் நானும் இருந்தேன். டப்பூ எப்படிப் பிறந்தது என்று கேட்டார்கள். "ஒரு நாள் காபி குடிச்சுண்டே கிறுக்கிண்டு இருந்தேன். தானா வந்துது" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் பார்த்ததால் நானும் தட்டினேன்.

வெளியே வந்ததும் மரியாதையாகத்தான் கேட்டேன். "பாப்பா, அது என்னுது ஆச்சே?"

"அய்யோ அங்கிள், உங்களது ஒரு டப்பா. இது ஒரு கேரக்டர். கண்ணு, கன்னம், ஷூ எல்லாம் பாருங்கோ. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல." என் தோளைத் தொட்டாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். "இன்னொண்ணு அங்கிள், ப்ளீஸ். சைட்ல இனிமே நீங்க அதை வரையாதீங்கோ. என்னோடத காப்பி அடிக்கறேள்னு நெனச்சுப்பா. ரிஜிஸ்டர் வேற பண்ணியாச்சு."

நான் சரி என்றேன். சண்டை போட்டதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து ஜனக்புரியில் நான்கு மாடிக் கட்டிடம். சுவர் முழுக்க டப்பூ மட்டும்தான். எல்லாம் முடிந்து கண் மட்டும் பாக்கி. கண்ணை அவள் யாரிடமும் விட மாட்டாள். அன்று காலை நான் முன்னாலேயே போய்க் கயிறு கட்டினேன். வழக்கமாகத் தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் தூணில் கட்டுவேன். அன்று பழைய இரும்புக் குழாய் ஒன்றில் கட்டினேன். அவள் இடுப்பு பெல்ட்டின் கயிற்றையும் அதிலேயே கட்டினேன். அந்தக் குழாய் கையால் ஆட்டினால் ஆடும். ஆட்டிப் பார்த்தேன், ஆடியது. மணல் மூட்டை தூக்கவில்லை. வேணுவை வெள்ளை பெயின்ட் வாங்கி வரக் கீழே அனுப்பினேன்.

பிறகு கைப்பிடிச்சுவரில் படம் வரைந்தேன். இதை ஐயா கவனமாகப் படிக்க வேண்டும். நான் வரைந்தது டப்பாசாமி இல்லை. டப்பூவை வரைந்தேன். கன்னத்துச் சிவப்பு, ஷூ, சமமான இரண்டு கால், ஒன்றையும் விடவில்லை. வாய் திறந்திருந்தது. டப்பூவுக்கு எப்போதும் திறந்துதான் இருக்கும்.

அவள் வந்து பெல்ட்டை மாட்டினாள். குனிந்து இடது கயிற்றைப் பிடித்தாள். குழாய்ப் பக்கம் திரும்ப இருந்தாள். நான் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் படத்தைப் பார்த்துவிட்டாள்.

"அங்கிள்! நீங்களா வரைஞ்சேள்?"

"ஆமா பாப்பா."

"அப்போ கோபம் போயிடுத்தா?"

"போயிடுச்சு."

அது பொய் இல்லை. ஷூவுக்குக் கயிறு வரைந்து முடித்தபோதே போய்விட்டது.

படத்துக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "வாய் தொறந்திருக்கு. ஏறலாம்தானே?" என்றாள்.

"அது உங்க டப்பூ பாப்பா. நீங்கதான் சொல்லணும்."

சிரித்தாள். சுவரைத் தாண்டிப் பலகையில் உட்கார்ந்தாள். குழாய் விட்டுக்கொண்டபோது பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தாள். நீங்களே வந்து பார்த்து, துருப்பிடித்த குழாய், விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் கூட்டத்தில் பேச்சு கிளம்பியது. "இனிமே உங்க சாமிய நம்பி ஏற முடியாதுண்ணே. வாயைத் தொறந்து ஆளையே முழுங்கிடுச்சு" என்று வேணு என் முகத்துக்கு நேரே சொன்னான். அடுத்த சைட்டில் நான் வரைந்த டப்பாசாமியைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அதை நம்பி ஏறியவன் ஒருவன் விழுந்ததில்லை. அதன் மேல் இப்படி ஒரு பழி வரலாமா? அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். அவள் போனில் அந்தப் போட்டோ இருக்கும். கன்னத்தையும் காலையும் பாருங்கள். அங்கே இருந்தது டப்பூ. சம்பந்தமே இல்லை என்று அவளே சொன்னாள். இதை வேணுவுக்குப் புரிகிற மாதிரி யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இங்கே கிளம்புவதற்கு முன்னால் அவளுடைய அம்மா அனந்தலக்ஷ்மி என் வீட்டுக்கு வந்தார். என் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். "அவ பேர்ல எந்தப் பாக்கியும் நிக்கப்படாது. உங்க பதினேழாயிரத்து அறுநூறு இருக்கு, எண்ணிப் பாத்துக்கோங்கோ" என்றார். நான் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

"வேணாம்மா. பாப்பா எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல. எல்லாம் நேராயிடுச்சு."

அந்த அம்மாள் கவரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார். பிறகு என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மனுஷனா" என்றார்.

நான் மறுத்துப் பேசவில்லை.