காளியப்பன் மகளுக்கு மூன்று கடிதங்கள்

நான் கடித உறைகளை எச்சில் தொட்டு ஒட்டுவதில்லை. மேசையில் ஒரு கிண்ணத்தில் நனைத்த பஞ்சு இருக்கும். இருபத்தெட்டு ஆண்டு ஆசிரியர் வேலையில் மாறாத பழக்கம். அருவருப்பு எனக்கு எளிதில் வந்துவிடும். விசாரணைக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து பழனியம்மாளைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பத்திரண்டில் அவள் நான் தலைவராக இருந்த தாவரவியல் துறையில் எம்.எஸ்ஸி. சேர்ந்தாள். அப்பா காளியப்பனுக்கு எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை. அவள் உள்ளே வந்தால் தீவன வாடையும் கூடவே வரும். ஒருநாள் செத்த குஞ்சுகள் ஐந்தைத் தூக்குப்போசியில் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

"தீவனத்துலதாங்க சார் கோளாறு. கடலைப் புண்ணாக்கு பூசணம் பூத்துக் கெடக்குதுங்க."

போசியை வெளியே வைக்கச் சொன்னேன்.

அடுத்த ஓராண்டில் இருபத்தேழு பண்ணைகளுக்குப் பஸ்ஸில் போய்ப் புண்ணாக்கு எடுத்துவந்தாள். பூசணத்தை வளர்த்தாள், வகை பிரித்தாள், எண்ணினாள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவன் டெமான்ஸ்ட்ரேட்டர் ரங்கன். அந்த அறையின் நாற்றம் தாங்காமல் நான் அங்கே போவதில்லை. நோட்டுப் புத்தகங்கள் மட்டும் மாதம் ஒருமுறை என் பார்வைக்கு வரும். நான் படியெடுத்துக்கொள்வேன்.

என் டாக்டர் பட்டத்து ஆய்வேடு பதினொரு ஆண்டுகளாக முடியாமல் கிடந்தது. அவளுடைய எண்கள் அதில் சரியாகப் பொருந்தின. துறைத்தலைவரின் துறையில் நடக்கும் வேலை துறைத்தலைவருடையது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதில் பெரிய தவறு தெரியவில்லை.

எண்பத்துமூன்று ஐப்பசியில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் விண்ணப்பத்தோடு வந்தாள். உதவித்தொகையோடு பூஞ்சை நோய்களில் மேற்படிப்பு. மூன்று பேரிடம் ரகசியப் பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தார்கள்.

"இந்த ஒரு தடவைதாங்க சார். கெடைக்கலைன்னா பண்ணை வேலையப் பாருன்னு அப்பா கண்டிசனாச் சொல்லிட்டாருங்க."

யாரிடமெல்லாம் வாங்கப்போகிறாள் என்று கேட்டேன்.

"உங்ககிட்டங்க. ரங்கன் சாருகிட்ட. அப்புறம் கால்நடை டாக்டரு ஒருத்தருங்க, செத்த குஞ்சுகள அறுத்துப் பாத்துச் சொன்னவரு."

சரியான தேர்வு. மாணவரின் ஆய்வை நேரில் அறிந்தவர்கள் எழுத வேண்டும் என்று படிவத்திலேயே அச்சிட்டிருந்தது. ஆனால் ரங்கன் எழுதினால் எண்ணியது யார் என்றும் எழுதுவான். என் ஆய்வேட்டை மதிப்பிடப்போகிற வெளிநாட்டுத் தேர்வாளர் அதே பல்கலைக்கழகத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ரங்கன் வெறும் டெமான்ஸ்ட்ரேட்டரு அம்மணி. மாட்டு டாக்டரு எழுதுனா அங்க சிரிப்பாங்க. பெரிய ஆளுக கையெழுத்தா வாங்கு."

"அவங்களுக்கு என்ற வேலை தெரியாதுங்களே சார்."

"ஆளைத் தெரிஞ்சாப் போதும்."

காளியப்பனுக்கு இது உடனே பிடித்துவிட்டது. "சேர்மன் கையெழுத்தப் பாத்தா பேங்குக்காரனே எந்திரிச்சு நிக்கறானுங்க. அமெரிக்காக்காரன் மட்டும் குக்கி உக்காந்துட்டே இருப்பானுங்களா?" என்று சிரித்தார். நம் பக்கத்தில் லோனும் வேலையும் அப்படித்தான் கிடைக்கின்றன. அங்கே அப்படி இல்லை என்று நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பழைய ஒன்றியச் சேர்மன் சின்னண்ணன் ஒரு கடிதம் கொடுத்தார். நூல் மில் முதலாளி ஒருவர் இன்னொன்று கொடுத்தார். பெண் அடக்கமானவள், குடும்பம் நல்ல குடும்பம், தகப்பனார் நம்ம ஆள். அவர்கள் சொன்னதை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பிறகு ரங்கன் வந்தான். கையில் நான்கு பக்கம்.

"யாரும் கேக்காமயே எழுதிட்டனுங்க சார். நீங்க அனுப்பற கவருல இதையும் வெச்சுருங்க."

"வெச்சர்றேன்."

கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். ஒரு கணக்கில் சந்தேகம் வந்து நான்கு மாத வேலையைத் தூக்கிப்போட்டுவிட்டு அவள் முதலிலிருந்து எண்ணியது, எந்தப் புண்ணாக்கில் எந்தப் பூசணம் என்று அவளாகக் கண்டுபிடித்தது, எல்லாம் தேதியோடு இருந்தன. அத்தனையும் உண்மை. எனக்குக் குமட்டியது. நான்காகக் கிழித்து, பூசணத் தட்டுகளைக் கொட்டும் தொட்டியில் போட்டேன். சனிக்கிழமைதோறும் அதை எரிப்பார்கள்.

என் கடிதத்தில், ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி உதவியவள், சொன்னதைக் கேட்பவள் என்று எழுதினேன்.

பங்குனியில் பதில் வந்தது. ஒரே தாள். அதைக் கொண்டுவந்து நின்றாள்.

"எதுல கொறைன்னு தெரியலீங்க சார். ரங்கன் சாரும் எழுதியிருந்தா..."

"அவன் எழுதுனதையும் சேத்துத்தான் அனுப்புனேன்," என்றேன்.

தாளை மடித்துக்கொண்டாள். "அப்பறம் என்னங்க. என்ற வேலைலதான் கொறை," என்றாள்.

நான் மறுக்கவில்லை. மறுநாள் ஏழு நோட்டுகளையும் என் மேசையில் வைத்துவிட்டு, "இனி எனக்கு எதுக்குங்க சார், நீங்களே வெச்சுக்கங்க," என்று போனாள். இப்போது ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் ஊசி போடுகிறாளாம். எனக்குப் பட்டம் வந்து இரண்டு ஆண்டாகிறது.

ஆட்களை மாற்றச் சொன்னேன். கடிதத்தைக் கிழித்தேன். பொய் சொன்னேன். மூன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரங்கன் உங்களுக்கு அனுப்பிய புகாரில் நோட்டுகளை நான் திருடியதாக இருக்கிறது. அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நோட்டுகளை அவளேதான் கொடுத்தாள்.