உடன்பிறந்தோருக்கு ஒரு கடிதம்

இந்த ஆஸ்பத்திரி கேன்டீனில் பொங்கல் நன்றாக இருக்கிறது, டாக்டரம்மா. மிளகில் கஞ்சத்தனம் பண்ணுவதில்லை. நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஃபாரத்தில் குடும்பத்தில் வேறு யாருக்குப் புற்றுநோய் என்ற இடத்தில் என் தங்கை அனுசுயா 'அக்கா' என்று எழுதியிருப்பது சரிதான். இது ரத்தத்தில் வருவது என்று முன்பே தெரியுமா என்கிறீர்கள். எனக்குத் தெரியும்.

அக்கா ஹேமாவதி நான்கு வருஷம் முன்பு மார்பில் கட்டி வந்து இறந்தாள். அவளுக்குப் பார்த்த டாக்டர் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். டி.என்.ஏ.வில் கிழிசல் விழுந்தால் தைக்கிற மரபணு அவளுக்குப் பிறவியிலேயே பழுதாம். உடன்பிறந்தவர்களுக்கும் பாதிக்குப் பாதி இருக்கலாம், ரத்தம் கொடுத்துப் பார்க்கவும் என்றிருந்தது. அக்கா அதை என் கையில் திணித்தாள். "ஏலே விஜி, அனுகிட்ட இன்னைக்கே சொல்லிரு. அவளாச்சும் முந்திக்கிடட்டும்."

சொல்கிறேன் என்றேன்.

அந்த மாதம்தான் கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தோம். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது. அனுசுயா அவர்கள் பையன் நாகராஜுக்கு, அவர்கள் பெண் திரிஷா எனக்கு. ஒன்று முறிந்தால் இரண்டும் முறியும். எங்கள் பக்கத்து ஆட்களை உங்களுக்குத் தெரியாது. பல்வரிசை பார்ப்பார்கள், நடை பார்ப்பார்கள், பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள், எங்கள் ஊர் தேவதானப்பட்டி டீக்கடை வரை ஆள் அனுப்பி விசாரிப்பார்கள். அப்பேர்ப்பட்ட அறிவாளிகளிடம் மரபணு என்றால், தொட்டால் ஒட்டுமா என்பார்கள். திரிஷாவின் அத்தை மலையம்மாள் நேரிலேயே கேட்டாள்.

"மூத்தவுக எதுல போனாக?"

"மஞ்சக்காமாலை, ஆத்தா."

"அப்பச் சரி. அது சாமி குடுத்தது."

அந்தப் பொய்க்கு அனுவும் தலையாட்டினாள். கடிதம் இருப்பது அவளுக்குத் தெரியாது. என் டிகிரி சர்டிபிகேட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

போன வருஷம் போன் பண்ணினாள். "அண்ணே, மார்ல கல்லு கணக்கா இருக்கு. அக்காவுக்கு மாதிரி இருக்குமோ?" அப்போது கைக்குழந்தைக்காரி. "பால் கட்டிருக்கும், கழுத. ஒத்தடம் குடு" என்றேன். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அந்த நிம்மதிக்கெல்லாம் யாரும் நன்றி சொல்வதில்லை. எட்டு மாதம் ஒத்தடம் கொடுத்தாள். இப்போது ஈரல் வரைக்கும் போய்விட்டது என்கிறீர்கள்.

எதனால் வந்தது என்று போன வாரம் கேட்டாள். தோட்டத்தில் அடிக்கிற மருந்தால் என்றேன். அதிலிருந்து நாகராஜோடு அவள் பேசுவதில்லை.

என் ரத்தமா? அதைப் பார்த்தாயிற்று. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போய் ரத்தம் கொடுத்தேன். பழுது இல்லை என்று வந்தது. நாளைக்கு ஒன்று என்றால் வீட்டைத் தாங்க ஆள் வேண்டுமே.

அனு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். என் வாயால் கேட்டால் தாங்கமாட்டாள். என்மேல் உயிரையே வைத்திருக்கிறாள்.