பேசி முடிவு பண்ணுங்கன்னாரு டாக்டர்

இல்லம்மா, அந்தச் சேர்ல உக்காராதீங்க, ஒரு கால் ஆடும். இப்படி வாங்க. ஆமா, எங்களுக்கும் அதே டாக்டர்தான். உள்ள இருக்கறது என் வீட்டுக்காரர். ஒரு பொண்ணு அவருக்கு ஞாபக டெஸ்ட் எடுக்குது. கடிகாரம் வரையச் சொல்லும், வார்த்தை சொல்லித் திருப்பிக் கேக்கும். கூட இருந்தா நான் எடுத்துக் குடுத்துடுவேன்னு வெளிய அனுப்பிட்டாங்க.

உங்க வீட்டுக்காரருக்கும் நுரையீரல்தானா? ம். நெஞ்சுல கட்டி சுருங்கிடுச்சு, தலையில ஒண்ணும் இல்ல, அப்படித்தானே? அப்ப டாக்டர் உக்கார வெச்சு ரெண்டு வழி சொல்லியிருப்பாரே. எங்களுக்கும் அதேதான். இந்த வியாதி அடுத்து தலைக்குத்தான் ஏறப் பாக்கும், வர்றதுக்கு முன்னாடியே தலைக்குக் கரண்ட், அதான் ரேடியேஷன், வெச்சுடலாம். இல்லையா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை தலைய ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கலாம், வந்தா அப்பப் பாத்துக்கலாம். கரண்ட் வெச்சா ஞாபகம் மங்கலாம். ஸ்கேனுக்கு அது இல்ல, ஆனா ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வர்ற வரைக்கும் பயந்துக்கிட்டே உக்காந்திருக்கணும். ரெண்டுமே தப்பில்ல, வீட்ல ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்கன்னாரு.

நாங்க பேசல. போனோம், சாப்ட்டோம், படுத்தோம். அடுத்த வாரம் வந்து உக்காந்ததும் கரண்டே வெச்சுடுங்கன்னு அவரே டாக்டர்கிட்ட சொல்லிட்டாரு. எனக்கு ஸ்கேன் போதும்னுதான் இருந்துச்சு. சொல்லல.

மறக்குறாரான்னா கேக்குறீங்க? அவரு லிஃப்ட் மெக்கானிக்மா. ஏதாவது கட்டடத்துக்குள்ள போனா, லிஃப்ட் சத்தத்த வெச்சே, இது சீக்கிரம் நிக்கப் போவுதுன்னு தனக்குத்தானே சொல்லிக்குவாரு. நிக்கும். அந்த மனுசன் இன்னைக்கு இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஏறி, பட்டனையே பாத்துக்கிட்டு நின்னாரு. எந்த மாடின்னு என்னைக் கேட்டாரு. மூணுன்னேன். அமுக்கினாரு. கதவு திறந்ததும், இங்கயா இறங்கணும்னாரு.

அழுகையா? இல்லம்மா, அதெல்லாம் நின்னு போச்சு. பல்லு புடுங்க மரத்துப்போற ஊசி போடுவாங்கல்ல, அப்படி. கன்னம் இருக்குன்னு தெரியும், நம்மளதுன்னு தெரியாது.

ஸ்கேன்ல தலை சுத்தமாத்தான் இருக்கு, கட்டி ஒண்ணும் வரல. டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம். ஞாபகத்துக்கு ஒரு மாத்திரை இருக்காம், சில பேருக்குக் கொஞ்சம் திரும்புதாம், குடுத்துப் பாக்கலாங்கறாரு. அதுக்கு முன்னாடி என்னென்ன மறக்குறாருன்னு நீங்கதான் ஒளிக்காம சொல்லணும்னாரு. இன்னைக்கு அதத்தான் கேக்கப் போறாரு. சாவி, அடுப்பு, மாடி, பேரன் பேரு, எல்லாம் சொல்லிடுவேன். ஒண்ணு மட்டும் சொல்ல மாட்டேன்.

பெருசா ஒண்ணும் இல்ல. எங்களுக்குள்ள ஒம்பது வருசம் பேச்சே இல்லாம இருந்துச்சு. ஒரே வீடு, ஒரே சமையல். மக வீட்ல இருந்த வரைக்கும் அவதான் எங்களுக்குத் தபால்காரி. நான் அங்கயே நிப்பேன், சாவி எங்கன்னு உங்க அம்மாகிட்ட கேளும்பாரு. அவ கட்டிக்கிட்டுப் போனப்புறம் சுவத்தப் பாத்துக் கேக்க ஆரம்பிச்சாரு. இந்த வீட்ல குடிக்கத் தண்ணி கிடைக்குமான்னு. நான் கொண்டு போய் டொக்குன்னு வெச்சுட்டு வருவேன்.

என்ன சண்டையா? பெரிய சண்டையா இருந்தா எப்பவோ தீந்திருக்கும்மா. சின்னதுதான். யாரு முதல்ல வாயத் திறக்கறதுன்னு அப்படியே நின்னு போச்சு. வியாதி வந்தப்பவும் திறக்கல. கூடவே வந்தேன், வாந்திய ஏந்தினேன், பேசல.

கரண்ட் வெச்சு ஏழெட்டு மாசம் இருக்கும். ஒருநாள் அடுப்படி வாசல்ல வந்து நின்னு, என்னடி, சாப்ட்டியான்னாரு. யாரைக் கேக்குறாருன்னு திரும்பிப் பாத்தேன். பின்னாடி சுவருதான் இருக்கு.

கோபத்தையும் தினம் ஞாபகம் வெச்சுத்தானம்மா நடத்தணும்? அவருக்கு அது மறந்து போச்சு. இப்ப வாய் ஓயல. சொன்னதையே சொல்றாரு. ஒரு வேளைக்கு நாலு தடவை சாப்ட்டியாங்கறாரு. நாலு தடவையும், சாப்ட்டேங்கன்னு சொல்றேன்.

அந்த மாத்திரையப் போட்டு, சாவியோட சேந்து அதுவும் ஞாபகம் வந்துட்டா நான் என்ன பண்றது, சொல்லுங்க. பயமா இருக்கு. மத்ததெல்லாம் மரத்துப் போச்சு, இது மட்டும் மரக்கல.

உங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல? வீட்ல நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்கள்ல? அப்ப ஸ்கேனே போதும்மா.

இருங்க, கதவு திறக்குது. அவருதான் கூப்புடுறாரு பாருங்க. நர்சை இல்லம்மா, என்னைத்தான்.