நாலாவது ஆளு

பழுது பாக்கவா? யாரு பழுது பாக்கச் சொன்னது? நல்லாக் கேட்டுக்கங்க தம்பி. இந்தப் போனு நல்லாத்தேன் ஓடுது. அதேன் எனக்குப் பிரச்சனையே. இதப் பழுதாக்கித் தரணும். ஆமா... பழுதாக்கி. ரெண்டு நாளைக்கு மட்டும் போதும். அப்புறம் நீங்களே சரி பண்ணிக் குடுத்துருங்க. ஏன் அப்படிப் பாக்குறீக?

தரையில போட்டு ஒடைக்கிறதுக்கு உங்ககிட்ட எதுக்கு வரப்போறேன்? போட்டுப் பாத்துட்டேனே! தோட்டத்துல திராட்சப் பந்தக்காலு கல்லு மேல ரெண்டு தடவ போட்டேன். ம்ஹூம். எம் மக வாங்கி அனுப்புன கவரு. கண்ணாடிக்கு மேல ஒரு கண்ணாடி, அதுக்கு மேல ஒரு ரப்பரு... தொட்டித் தண்ணியிலயும் முக்கிப் பாத்தேன். எடுத்துத் தொடச்சா முன்னைக்கு இப்பப் பளிச்சுனு இருக்கு! போன வருசம் ஒரு மருந்தடிக்கிற மிஷினு வாங்குனேன். ஒரே ஒரு தூத்தலு விழுந்துச்சு, அதோட படுத்திருச்சு. இது என்னடான்னா நீச்சலடிச்சுட்டு வருது.

சுவிட்ச் ஆஃப் பண்ணி வைக்கிறதா? அது பொய்யில்ல? இந்தக் கருத்தக்கண்ணன் வாயில பொய் வராது தம்பி. போனு ரிப்பேரு, கடையில கெடக்குன்னு நான் சொன்னா, அது கடையில கெடக்கணும். அதேன் சுருளிப்பட்டியிலருந்து கம்பம், கம்பத்துல பஸ் மாறி இங்கன சின்னமனூருக்கு வந்திருக்கேன். ஏன், கம்பத்துல போன் கடையா இல்ல? தெருவுக்கு நாலு இருக்கு. எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி. ‘என்ன மாமா, போன ஒடைக்கச் சொன்னீகளாம்ல’ன்னு மறுநா டீக்கடையில கேப்பாய்ங்க.

மணி என்ன? அஞ்சு நாப்பதா? ஆத்தி... ஆறு மணிக்கு நான் உள்ள போகணும்.

எங்கயா? வெளயாட்டுக்குத்தேன். சிரிக்காதீக. எம் மக ஹேமாவதி, மாப்ள மதன்குமாரு, ரெண்டு பேரும் புனேல கம்ப்யூட்டர் வேல. மாப்ள கூட வேல பாக்குற தம்பி ஒருத்தரு, கிங்ஸ்லி, நம்ம போடிக்காரு. மூணு பேரும் சேந்து போன்ல ஒரு பண்ணை வச்சிருக்காக. உழுகுறது, வெதைக்கிறது, மாட்டப் பிடிச்சுக் கட்டுறது, எல்லாம் அதுக்குள்ளயே. தனியா வெளயாடுனா முன்னேற முடியாதாம், கூட்டாத்தேன் பாடுபடணுமாம். இதுக்கு மேல போக நாலு பேரு வேணுமாம். நாலாவது ஆளா என்னையச் சேத்துவிட்டுருக்கு எம் மக.

சுட்டுக்கிட்டுச் சாகுற வெளயாட்டா இருந்தாக்கூடப் பரவாயில்ல தம்பி! செத்தா வெளிய வந்து ஒக்காந்துக்கலாம். இதுல சாவே இல்ல. தப்புப் பண்ணிட்டு அங்கனயே நிக்கணும். எல்லாரும் பாப்பாக.

அவுக மூணு பேரும் லெவல் நாப்பது. நான் லெவல் ஒண்ணு. அவுகளுக்குச் செறகு வச்ச தொப்பி, டிராக்டரு, மோட்டாரு... எனக்கு ஒரு வாளி. ஆளத் தேர்ந்தெடுக்கச் சொல்லுச்சு. பட்டன எங்கனயோ அமுக்கிட்டேன், ரோஸ் கவுனு போட்ட பொம்பளப் பிள்ளையா வந்து நிக்கிறேன். மாத்தத் தெரியல. மாப்ள முன்னாடி மாமனாரு ரோஸ் கவுனோட போய் நின்னா மரியாதையா, சொல்லுங்க? மீசை வைக்க வழி இருக்கான்னு தேடித் தேடிப் பாத்தேன். கொண்டைதேன் வந்துச்சு.

இதுல பேச்சு வேற. போன்ல பேசுற மாதிரியே பேசிக்கிட்டேதேன் வெளயாடணுமாம். அவுக பேசுறது நமக்கு வெளங்குமா? ‘லேக்’குங்கிறாக, ‘நூப்’புங்கிறாக. நூப்புன்னா என்னமோ மலையாள வார்த்தைன்னு நெனச்சு, ஏலக்கா ஏத்த வந்த குமுளிக்காரர்கிட்ட கேட்டேன். அவரு ‘அறியில்லா’ன்னுட்டாரு. அப்புறந்தேன் தெரிஞ்சுச்சு, ஒண்ணும் தெரியாத புதுசுக்குப் பேரு நூப்பாம். என்னையத்தேன். மூணு ஏக்கர் பன்னீர் திராட்சப் பந்தல் தம்பி எனக்கு! முப்பது வருசம்! நானு நூப்பு!

வேணாம்னு சொல்லலாம்... சொல்லலாம்தேன். ஆனா பாருங்க, எங்க வீட்டம்மா உசிரோட இருந்தவரைக்கும் எம் மக அவகிட்ட மணிக்கணக்காப் பேசும். எங்கிட்ட என்ன பேச்சு? சாப்பிட்டீகளாப்பா. சாப்பிட்டேன். அங்கன மழையா. இங்கன வெயிலு. வச்சிரவா. வச்சிரு. ஒண்ணரை நிமிசம். இதுல சேந்தா ஞாயித்துக்கிழமைக்கு ஞாயிறு ஒரு மணிநேரம் கூட இருக்கலாம்ப்பான்னு அதுவே யோசிச்சுக் கூப்பிட்டுச்சு. அத எப்படித் தம்பி வேணாம்னு சொல்றது?

மொத வாரம் கரண்டு இல்லேன்னேன். இல்லதேன், அன்னைக்கு ஒரு அர மணிநேரம் இல்ல. ரெண்டாவது வாரம் தலவலின்னேன். யோசிச்சு யோசிச்சே வந்திருச்சு, அதனால அதுவும் பொய்யில்ல. மூணாவது வாரம் இது.

அந்த பின்னு மாதிரி கம்பி வச்சிருக்கீகளே, அத எங்கயாச்சும் உள்ள விட்டு... வேணாமா? அதுபாட்டுக்கு ஒரு வயரு ஒண்ணு அத்துப்போகாதா?

இந்த வாரம் தப்பிக்கவே முடியாது தம்பி. ஏன்னா இன்னைக்கு வெளயாட்டு இல்ல, பஞ்சாயத்து. அவுக பண்ணையில திராட்சத் தோட்டம் வச்சிருந்தாக. நூத்திப் பன்னெண்டு கொடி. போன பொதங்கெழமை அம்புட்டும் போயிருச்சு. ஒத்தக் கொடி மிச்சமில்ல! மூணு பேரு மாசக்கணக்கா வளத்தது. அன்னைக்குக் காலையில கடைசியா உள்ள போனது கிங்ஸ்லி. அதனால அவருதேன் வெட்டிட்டாருன்னு மாப்ளைக்குக் கோவம். நான் வெட்டலன்னு அவரு சத்தியம் பண்றாரு. ஒரே ஆபீசுல அடுத்தடுத்து சீட்டு தம்பி! நாலு நாளாப் பேச்சுவார்த்தை இல்லையாம், டீக்குக்கூட தனித்தனியாப் போறாகளாம்.

இதுல எம் மக என்ன சொல்லிருக்கு தெரியுமா? ‘எங்கப்பா திராட்சை போடுறவரு, பெரியவரு, நடுவுல நின்னு நியாயம் சொல்லட்டும்’னு. மாப்ளையும் சரின்னுட்டாக. ‘மாமா சொன்னாக்க நான் கட்டுப்படுறேன்’னு சொன்னாகளாம்! இம்புட்டு நாளு என்னைய எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேட்ட நேரத்தப் பாத்தீகளா?

ஏன், போயி நியாயம் சொல்ல வேண்டியதுதானேங்கிறீக. அது... அது வந்து தம்பி...

அந்த ஸ்டூல இப்படிப் போடுங்க, ஒக்காந்துக்கிறேன்.

நான் இன்னும் உள்ளயே போனதில்லன்னு எம் மககிட்ட சொல்லி வச்சிருக்கேன். போனேன். ஒரு தடவ. பொதங்கெழமை மத்தியானம். எல்லாரும் ஆபீசுல இருப்பாக, ஆளு பாக்க மாட்டாக, கொஞ்சம் நடந்து பழகுவோம், ஞாயித்துக்கிழமை செவுத்துல முட்டிக்கிட்டு நிக்காம இருப்போம்னு போனேன். தப்பா? நீங்களே சொல்லுங்க, புதுசா ஒருத்தன் பழகிப் பாக்குறது தப்பா?

நல்லாத்தேன் நடந்தேன். வாளியில தண்ணி மோந்தேன். மாட்டத் தடவுனேன், அது தலைக்கு மேல செவப்பா இதயப் படம் ஒண்ணு விட்டுச்சு. சரி, நமக்கும் வருதேன்னு ஒரு தெம்பு. அப்படியே பின்பக்கம் போனா... தம்பி, அந்தத் திராட்சத் தோட்டத்தப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. காய் பறிச்ச கொடி. ஒரு பிஞ்சு இல்ல. எல முத்திக் கரும்பச்சையா மூடிக்கெடக்கு. கவாத்து பண்ணவே இல்ல! பறிச்சு முடிச்சா கொஞ்சநாளு காயப் போட்டு, கம்புக்கு நாலு கண்ணு விட்டு வெட்டி எறிஞ்சாத்தேன் புதுக்கொழுந்து விடும், கொழுந்துலதேன் காய் பிடிக்கும். எங்க ஊருல நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். படிச்ச பிள்ளைக, இதுகூடத் தெரியாம தோட்டம் வச்சிருக்குகளேன்னு ஆகிப்போச்சு. பக்கத்துலயே பொட்டியில அருவா கெடந்துச்சு...

எடுத்தேன்.

ஒரு வெட்டுக்கு ‘டிங்’குனு ஒரு சத்தம். மேல ஒரு நட்சத்திரம். பாராட்டுதுன்னு நெனச்சேன் தம்பி! வெட்டுன கம்பெல்லாம் தானாப் பறந்து வந்து பைக்குள்ள போகுது. அடடா, குப்பை கூட்ட ஆளு வேணாம் போலயே, என்னமா யோசிச்சுப் பண்ணிருக்காய்ங்கன்னு... நூத்திப் பன்னெண்டும் முடிச்சுட்டு நிமுந்து பாத்தா வெறும் தரை. கொடியக் காணோம். பைக்குள்ள நூத்திப் பன்னெண்டு வெறகு!

வெட்டாமலே காய்க்குமாம்! மூணு நாளைக்கு ஒருக்கா, அதுபாட்டுக்கு! ஒலகத்துல எங்கயாச்சும் உண்டா தம்பி அப்படி ஒரு திராட்சை?

கிங்ஸ்லி தம்பியா... ஆமா. பாவந்தேன். தெரியுது. நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல. ஆனா இப்ப எப்படிச் சொல்றது? மாப்ள முன்னாடி... மாமா திராட்சை வெவசாயத்தக் கரச்சுக் குடிச்சவருன்னு நெனச்சுக்கிட்டு இருக்காக...

அய்யய்யோ. அடிக்குது. எம் மகதேன். எடுக்கல, எடுக்க மாட்டேன்... எடுக்கலேன்னா பயந்துரும், ஒத்தையில இருக்கேன்ல. சத்தம் போடாதீக.

ஹலோ? ஹேமாவா? சொல்லும்மா. ஆறு மணிக்கா... அது வந்து ஆத்தா, வர முடியாது போலயே. போனு ரிப்பேரு. ஆமா, சுத்தமாப் போயிருச்சு. சின்னமனூர்ல கடையில குடுத்துட்டேன். ரெண்டு நாளாகும்னு சொல்லிட்டாரு. கடைக்காரரு இந்தா பக்கத்துலதேன் இருக்காரு... என்னம்மா?

எதுல பேசுறேனா?

தம்பி, கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.

சிரிக்காத ஹேமா. ஏய், சிரிக்காத. யாரு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா? மாப்ளையும் இருக்காகளா? கிங்ஸ்லியும்... வந்து ஒக்காந்துட்டாரா. வாங்க தம்பி, நல்லாயிருக்கீகளா. வீட்ல அப்பா அம்மா... சரி. இரும்மா. பஞ்சாயத்தெல்லாம் வேணாம். ஒருத்தரும் பேசாதீக, பேசுனா எனக்கு விட்டுப் போயிரும். நாந்தேன் வெட்டுனேன். ஆமா. நூத்திப் பன்னெண்டும். பொதங்கெழமை மத்தியானம் யாருக்கும் தெரியாம உள்ள வந்தேன். கிங்ஸ்லி தம்பி, மன்னிச்சுக்கங்க. மாப்ள, அவரு மேல ஒரு தப்பும் இல்ல, நாளையிலருந்து டீக்குச் சேந்து போங்க. ஏன் வெட்டுனேனா? கவாத்து பண்ணுனேன் மாப்ள. கவாத்துன்னு நெனச்சு...

என்ன தம்பி? கிங்ஸ்லி, சத்தமாச் சொல்லுங்க. கவாத்துன்னா என்னவா?

அப்படிக் கேளுங்க! இத மொதல்லயே யாராச்சும் கேட்டிருந்தா இம்புட்டு வம்பே வந்திருக்காது. மொத வேல, தண்ணிய நிறுத்தணும். பறிச்ச மறுநாளே கத்திரியத் தூக்கக் கூடாது. கொடிக்குன்னு ஒரு ஓய்வு இருக்கு. நீங்க ஆபீசுல லீவு கேக்குறீகள்ல, அது மாதிரி. அப்புறம் கம்பப் பாக்கணும். பென்சிலு கனம் இருக்கா, அது நல்ல கம்பு. சுண்டுவெரலு... மாப்ள, நீங்களும் கேளுங்க, சும்மா பின்னாடி சிரிக்காதீக. கொடி புதுசா நடுறத நான் பாத்துக்கிறேன். எங்கிட்ட வாளி இருக்கு. ஆமா, ரோஸ் கவுனு போட்டு நிக்கிறது நாந்தேன், அதுக்கு என்ன இப்ப?

மணி ஆறாயிருச்சா? ஆகட்டும், உள்ள வந்துதேன் மிச்சத்தச் சொல்றேன், ஒரு நிமிசம். தம்பி! கடைக்காரத் தம்பி! இந்த வெளயாட்டுல மீசை வைக்கிறது எங்கனன்னு மட்டும் பாத்துச் சொல்லிருங்க... தம்பி?

எங்க போனாரு இவரு? கடையத் தொறந்து போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரே. நல்ல மனுசன், கொஞ்சம் பொறுமை பத்தல.

போகட்டும். கிங்ஸ்லி, நீங்க லைன்ல இருக்கீகள்ல? இந்தக் கண்ணு விட்டு வெட்டுறதுலதேன் சூட்சுமமே இருக்கு, கேட்டுக்கங்க...