அருள்தாஸ் ஊட்டு மூட்டப்பூச்சி

...வாய்வுன்னான் அண்ணாத்தே, மொதோ டாக்டரு! ஏழு வயசுப் பொண்ணுக்கு இன்னாத்த வாய்வு? எம் பொண்ணு ரெனிதா வயித்தப் புடிச்சிகினு சுருண்டு கெடக்குறா, தண்ணி குடுத்தாக்கூட வாந்தி. அடுத்தவரு, வயித்துல பூச்சின்னு மாத்திர எழுதினாரு. யாராண்ட சொல்றாரு? என்னாண்ட! பருத்திப்பட்டு ஃப்ளாட்டுக்கெல்லாம் மூட்டப்பூச்சி மருந்து அடிக்கிறவன் நானு. அருள்தாஸ் உள்ள பூந்தா பூச்சி வெளிய பூடும், தெரியும்ல? உக்காரு, உம் பையனுக்கு இப்பதான குளுகோஸ் ஏத்திகீறாங்க.

எங்க உட்டேன்... ஆங். எஞ்சம்சாரம் ஹெலினா, குமணன்சாவடில தின்ன பானிபூரிதான்னு சாதிச்சா. நானும் போய் அந்த வண்டிக்காரனாண்ட எகிறினேன். பாவம், அவனே நாலு எடுத்துத் தின்னு காட்டினான்!

இப்ப இந்த சர்ஜன். ஸ்கேனப் பாத்துட்டு, குடல்வாலு மாரியும் கீது, இல்லாத மாரியும் கீதுன்றாரு. இன்னா பேச்சு இது? தொறந்தே பாத்துடலாமாம். கையெழுத்தும் வாங்கிகினாரு. அதுக்கு முன்ன ஒண்ணு கேட்டாரு பாரு... முட்டி வேற வலிக்குதுன்றாளே, தோல்ல எங்கனா செவப்பா புள்ளி வந்துதான்னு. அலர்ஜில ரத்தக்குழா வீங்குற நோவு ஒண்ணு கொழந்தைங்களுக்கு வருமாம். சிலதுக்கு மொதல்ல வயித்துவலிதான் வருமாம், புள்ளி பின்னாலதானாம். அதுவா இருந்தா கத்தி வேணாமாம். நான் இல்லவே இல்ல சார்னுட்டேன்.

கால்ல கீது, இல்லன்னு சொல்லல. ஆனா அது மூட்டப்பூச்சிக் கடி அண்ணாத்தே! அதுக்கும் அந்த நோவுக்கும் இன்னா சம்பந்தம்? மருந்தடிக்கிறவன் ஊட்லயே மூட்டப்பூச்சின்னா நாளைக்கி எவன் என்ன கூப்புடுவான்? அதான் பேண்ட்டு, சாக்ஸு மாட்டி இட்டாந்தேன். டாக்டரு வயித்த அமுக்கிப் பாக்கறப்ப கால்மாட்டுல போர்வைய நான் புடிச்சிகினே நின்னேன்ல!

ஒண்ணுதான் புரியல. ஊடு பூரா மருந்தடிச்சேன், மெத்தையக் கிழிச்சே பாத்தேன், ஒரு பூச்சி சிக்கல. மூட்டப்பூச்சி கடிச்சா வரிசையா தடிக்கும், அரிப்புல தூங்க உடாது. இவளுக்கு அரிக்கவே இல்லியாம். எதுனா புது ஜாதி போல...

இன்னா அப்டி பாக்கற? ஏய், சாக்ஸக் கழட்டாத... கட்டவெரலால ஏன் அமுக்கற? கடின்னா அமுக்குனா செவப்பு மறைஞ்சிடும், எனக்குத் தெரியாதா...

மறையல.

தள்ளு, பேண்ட்ட மேல ஏத்திட்டு நான் அமுக்கறேன். ...மறையல அண்ணாத்தே. காலைல கணுக்காலாண்டதான இருந்துது, இப்ப தொட வரிக்கும் ஏறிகீது. எங்க போற? நர்ஸாண்டயா? வேணாம், சொல்லிடாத, எம்பொழப்பு...

யம்மா, ஸ்ட்ரெச்சர் வண்டிய ஏன் உள்ள தள்ளிகினு வர? ஆபரேசனுக்கா? இரு, பொண்ணத் தூக்காத, இரும்மா! அண்ணாத்தே! நர்ஸ உடு, சர்ஜனாண்ட ஓடு! புள்ளி கீதுன்னு சொல்லு... அப்பங்காரன் பொய் சொல்லிட்டான்னே சொல்லு, ஓடு!