கலையரங்கத்து வருகைப் பதிவேடு

நவ்ரீன்: “யார்கிட்ட பேசிகினு கீற?”ன்னு கேட்ட பாரு, மொத நாளு... அப்டியே எறங்கி ஓடிடலாம்னு பாத்தேன்க்கா.

வியாகுலம்மாள்: பின்ன கேக்க மாட்டேனா? பெருக்கிட்டு பூட்டலாம்னு வந்தா, மேடை மேல ஒரு பொண்ணு நின்னுகினு காலி சேருங்களப் பாத்து அழுவுது. பேயோன்னு நெனச்சேன்.

நவ்ரீன்: அழுவல. நடிச்சேன்.

வியாகுலம்மாள்: அது அப்பாலதானே தெரிஞ்சுது. ராணியும் நீயே, வேலக்காரியும் நீயே, ராணியக் கட்டிக்க வந்த தடியனும் நீயே. அந்தத் தடியன் கொரலு இன்னும் கட்டையா வரணும், எத்தினி வாட்டி சொல்றது.

நவ்ரீன்: கட்டையா பேசுனா இருமல் வருதுக்கா.

வியாகுலம்மாள்: இந்த ஊரு காத்துக்கு பேசாதவனுக்கே இருமல் வருது. இந்தா, திரைய அந்தப் பக்கம் புடி. மடிக்கணும்.

நவ்ரீன்: மடிச்சி எங்க அனுப்புவாங்க?

வியாகுலம்மாள்: மண்டல ஆபீஸ் குடோனுக்கு. எலிக்கு மெத்தை... மெல்ல, கிழிக்காத.

நவ்ரீன்: ஏற்கெனவே கிழிஞ்சிதான் கீது.

வியாகுலம்மாள்: அது என் தையலு. அத்தப் போயி கிழிசல்ங்கிற.

நவ்ரீன்: நாளைக்கே இடிச்சிடுவாங்களாக்கா?

வியாகுலம்மாள்: மேடைய நாளைக்கு. மிச்ச வேலய வர்ற வாரம். வார்டு நிதியில ஒரு வேலதான் பண்ண முடியுமாம். ஒண்ணு, இந்தக் கலையரங்கத்துக்கு கூரை மாத்தி சரி பண்றது. இல்லேன்னா, மேடைய எடுத்துட்டு பாக்ஸிங் கூடமா ஆக்குறது. ஏரியா சபைன்னு வார்டு ஜனங்கள கூட்டுனாங்களே, அதுல பாக்ஸிங்குக்கு எழுதிட்டாங்க. நீதான் வரவே இல்லியே.

நவ்ரீன்: நான் வந்து இன்னா பேசப்போறேன்.

வியாகுலம்மாள்: மேடையில மூணு கொரல்ல பேசுறவளுக்கு சபையில ஒரு கொரலு வராதா?

நவ்ரீன்: அங்க ஆளுங்க இருப்பாங்களேக்கா...

வியாகுலம்மாள்: அதுவும் சரிதான். நான் மட்டும் பெருசா கிழிச்சேனா? எழுந்து நின்னேன். நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. மின்விசிறி ஓடலன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன்.

நவ்ரீன்: மின்விசிறியா?

வியாகுலம்மாள்: வாயில அதான் வந்துச்சு. சிரிக்காதமே.

நவ்ரீன்: உன்ன எங்க போடறாங்க?

வியாகுலம்மாள்: சடையங்குப்பம். அங்க ஒரு பூங்கா கீதாம். இலை பொறுக்கணும்.

நவ்ரீன்: அவ்ளோ தூரமா?

வியாகுலம்மாள்: ரெண்டு பஸ்சு. மழ வந்தா படகு. காசிமேட்டுல பொறந்தவ படகுக்கு பயப்படுவேனா? அத்த வுடு. நாளையிலேருந்து சாயங்காலத்துல நீ எங்க போவ?

நவ்ரீன்: வூட்லதான்.

வியாகுலம்மாள்: ஒத்த ரூமுல ஏழு பேரு. எங்க நின்னு ராணியாவ?

நவ்ரீன்: பாத்ரூம்ல கொழாயத் தெறந்து வுட்டுட்டு பேசலாம்.

வியாகுலம்மாள்: உங்கண்ணன் கதவத் தட்டுவான்.

நவ்ரீன்: தட்டுவான். “எவன்கூட போன்ல பேசுற”ம்பான். போனே இல்ல என்கிட்ட... நீ இன்னா பண்ணுவக்கா?

வியாகுலம்மாள்: என்க்கு இன்னா? வூட்டுக்குப் போனா டிவி பேசும். பையன் கப்பல்லேருந்து ஞாயித்துக்கெழம போன் பண்ணுவான். “சாப்ட்டியாம்மா?”ம்பான். “சாப்ட்டேன்டா”ம்பேன். அதோட சிக்னல் பூடும்... இன்னா அப்டிப் பாக்குற? முனை தொங்குது பாரு, தூக்கிப் புடி.

நவ்ரீன்: பள்ளிக்கூடத்த நிறுத்துனதுலேருந்து என்கூட பேசுறது நீ ஒருத்திதான்.

வியாகுலம்மாள்: பேசுனேனா? உக்காந்து கேட்டேன். மூணாவது வரிசை, ஓரத்து சேரு. முன்னாடி உக்காந்தா உன்க்கு வாய் ஒட்டிக்கும்... அது சரி, அந்த ராணி கடைசியில இன்னா ஆவுறா? ஒரு வருசமா இஸ்துகினே போறியே.

நவ்ரீன்: இன்னும் தெரிலக்கா. முடிச்சிட்டா நீ வர மாட்டியோன்னு...

வியாகுலம்மாள்: அடிப்பாவி. அதுக்காவா அந்தத் தடியனுக்கு மூணு வாட்டி காய்ச்சல் வர வச்ச?

சாலமன்: அக்கா, உள்ள வரலாமா? அளவெடுக்கணும்.

வியாகுலம்மாள்: வா மாஸ்டர், வா. இடிக்கப்போற எடம்தானே, செருப்போடயே வா.

சாலமன்: செருப்ப வெளியதான் வுட்டேன். யாருக்கா இது, உன் பொண்ணா?

வியாகுலம்மாள்: ஆமா. நேத்துதான் பெத்தேன்.

சாலமன்: பாத்தியா, என்னக் கண்டாலே கடிக்கிற. நேத்து ரேஷன் கடையில, “இந்த பாக்ஸிங் மாஸ்டர்தான் கார்ப்பரேஷன் இன்ஜினியர் காதுல ஓதி ஹாலைப் புடுங்கிட்டான்”னு கத்திட்டு பூட்ட. கியூவுல எங்க வூட்டுக்காரி நின்னுகினு கீறா. ராத்திரி என்க்கு வெறுஞ்சோறு.

வியாகுலம்மாள்: ஓதலியா நீ?

சாலமன்: மாதா சத்தியமா இல்லக்கா. என் பசங்க மீன் காய வெக்கிற சிமெண்ட் தரையில ஆடுதுங்க. போன வாரம் ஒரு பொண்ணு வுழுந்து ஒதடு கிழிஞ்சி மூணு தையல். மாநிலப் போட்டிக்குப் போறவ அவ. எடம் கேட்டேன், அது நெசம். “எங்கனா ஒரு கூரை குடுங்க”ன்னேன். உன் கூரையக் குடுன்னு கேக்கல.

வியாகுலம்மாள்: அப்ப இது எப்டி வந்து மாட்டுச்சி?

சாலமன்: இன்ஜினியரு நேர்ல வந்து பாத்துட்டுப் போனாருல்ல, அந்த ரிப்போர்ட்ட சபையில படிச்சாங்களே. நீ மின்விசிறிய சொல்லிட்டு உக்காந்தவ, காதுலயே வாங்கல.

வியாகுலம்மாள்: இன்னா படிச்சாங்க?

சாலமன்: “வருகைப் பதிவேடு நம்பத்தகுந்ததாக இல்லை. நேரில் விசாரித்ததில், அரங்கத்துக்கு யாரும் வருவதில்லை எனத் தெரிந்தது.” அவ்ளோதான். அதுல முடிஞ்சிப்போச்சு.

வியாகுலம்மாள்: யாரை விசாரிச்சாங்களாம்?

சாலமன்: பேரு போடல... தங்கச்சி, இந்த டேப்பு முனைய அந்த செவுத்துல வச்சிப் புடிக்கிறியா? இன்னாம்மா, டேப்ப நழுவ வுட்டுட்ட? திரும்பப் புடி.

நவ்ரீன்: ஒண்ணுமில்லண்ணா.

சாலமன்: முப்பத்திரெண்டு அடி. போதும், வுட்டுடு. அக்கா, ஒண்ணு சொல்லவா? மேடைய வுட்டுட்டு மிச்ச எடத்துல ரிங்கு போடலாமான்னு கேட்டுப் பாத்தேன். பிளான்ல அதுக்கு எடமில்லன்னுட்டாங்க.

வியாகுலம்மாள்: கேட்டியா நீ?

சாலமன்: கேட்டேன். என் பசங்களும் டிராமா பாக்கட்டுமேன்னு.

வியாகுலம்மாள்: சரி, போ. ரேஷன் கடையில சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். வூட்ல கொழம்பு ஊத்தச் சொல்லு.

சாலமன்: நான் சொன்னா நம்ப மாட்டா. நீயே ஒரு நடை வந்து சொல்லு. வர்றேன்கா. வர்றேம்மா.

வியாகுலம்மாள்: போயிட்டானா?

நவ்ரீன்: பூட்டாரு.

வியாகுலம்மாள்: கதவ சாத்து. உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

நவ்ரீன்: நானும் ஒண்ணு...

வியாகுலம்மாள்: இரு, மொதல்ல நான் சொல்லிடறேன். இல்லேன்னா நெஞ்சு வெடிச்சிடும். பதிவேடு நம்புற மாதிரி இல்லன்னு எழுதிக்கீறாங்கல்ல... அந்தப் பதிவேட்ட எழுதுனதே நான்தான்.

நவ்ரீன்: நீயா? உன்க்கு எழுத வருமா?

வியாகுலம்மாள்: பாத்து எழுதுவேன். தெனம் எத்தினி பேரு வந்தாங்க, கையெழுத்து எங்கன்னு மாசாமாசம் கேப்பாங்க. நீ உன் பேர எழுதவே கூடாதுன்னுட்ட, அண்ணனுக்குத் தெரிஞ்சிடும்னு. வேற யாரு வர்றாங்க? பக்கம் வெறுமையா கெடந்தா பூட்டிடுவாங்களே. அதுனால ஒரு நாளைக்கு நாலு பேருன்னு நானே எழுதிட்டேன்.

நவ்ரீன்: அத்தினி பேரு எங்கேருந்து புடிச்ச?

வியாகுலம்மாள்: நவம்பர் மாசம் எங்க மாதா கோயில்ல ஆத்துமாக்கள் பூசைக்கு ஒரு லிஸ்ட்டு ஒட்டுவாங்க...

நவ்ரீன்: ஆத்துமான்னா?

வியாகுலம்மாள்: செத்தவங்க.

நவ்ரீன்: அக்கா!

வியாகுலம்மாள்: கத்தாத. உசிரோட கீறவங்க பேர எழுதுனா, “நான் எப்போ வந்தேன்?”னு எவனாச்சும் சண்டைக்கு வருவான். செத்தவங்க வருவாங்களா?

நவ்ரீன்: ஐயோ... அப்போ ஒரு வருசமா இங்க...

வியாகுலம்மாள்: ஹவுஸ்புல்லு. சிரி, நல்லா சிரி. இன்ஜினியர்கூட ஒல்லியா ஒரு கிளார்க்கு வந்தான், லூயிஸுன்னு. எங்க கோயிலு பையன். பக்கத்தப் பொரட்டுறான், பொரட்டுறான்... “எங்கப்பா செத்து ஒம்பது வருசம் ஆவுது. போன செவ்வாக்கெழம இங்க வந்து கையெழுத்து போட்டுக்கீறாரு”ங்கிறான்.

நவ்ரீன்: நீ இன்னா சொன்ன?

வியாகுலம்மாள்: “உங்கப்பாவுக்கு டிராமான்னா உசிருப்பா”ன்னேன்.

நவ்ரீன்: அடிக்கலியா?

வியாகுலம்மாள்: இல்ல. அந்தப் பேரு மேல வெரல வச்சிகினு ரொம்ப நேரம் நின்னான். அப்பால இன்ஜினியர் சொன்னாரு. நல்ல மனுசன்தான் அவரு. “இந்த நோட்ட வுடுங்கம்மா. உசிரோட ஒருத்தர், ஒரே ஒருத்தர் வர்றாங்கன்னு தெரிஞ்சா போதும். அத்த வச்சி நான் கூரைக்கு எழுதிடறேன்”னாரு. “வருவா சார், ஒரு பொண்ணு தெனம் வருவா, இப்போ வர்ற நேரந்தான், இருங்க டீ வாங்கியாறேன்”னு ஓடுனேன். டீயோட வந்து பாக்குறேன், ஜீப்பு கெளம்பிப் போவுது.

நவ்ரீன்: அக்கா, அன்னிக்கு நான்...

வியாகுலம்மாள்: நீயும் அன்னிக்குன்னு பாத்து வர்ல. ஒரு வருசத்துல ஒரு நாளு லீவு போட்டதில்ல. அன்னிக்கு காய்ச்சலு. அட, உன்ன சொல்லி இன்னா, ஒடம்பு சரியில்லன்னா நீ இன்னா பண்ணுவ? ரோட்டுல போற எவனையோ கேட்டிருப்பாங்க, அவன் வாய்க்கு வந்தத சொல்லிட்டு பூட்டான். என் தப்புதான் எல்லாம். செத்தவங்கள இஸ்துகினு வந்து கையெழுத்து போட வச்சேன். அந்தப் பாவம் உன் மேடைய தின்னுடுச்சி. அதான் உன்னாண்ட மன்னிப்பு கேக்கணும்னு... ஏ நவ்ரீனு, இன்னாத்துக்கு அழுவுற? இது நடிப்பா, நெசமா?

நவ்ரீன்: என்க்கு காய்ச்சலே இல்லக்கா.

வியாகுலம்மாள்: இன்னா?

நவ்ரீன்: அன்னிக்கு நான் வந்தேன். பின்பக்க கேட்டு வழியா வந்தேன், நீ டீக்கு போயிருந்த. அவுங்க மேடையாண்ட நின்னுகினு இருந்தாங்க. நான் திரும்பி ஓடலாம்னு பாத்தேன், அந்த இன்ஜினியர் கூப்ட்டாரு. அதட்டல்லாம் இல்ல. நல்லாதான் கேட்டாரு, “ஏம்மா, இங்க யாராச்சும் வர்றாங்களா?”ன்னு. கூட நின்னவரு போன்ல போட்டோ எடுத்துகினு இருந்தாரு. நான், “யாரும் வர்றதில்ல சார்”னேன். பயம்தான். ஆனா பயம் மட்டும் இல்லக்கா... நான் ஒருத்திதானே? அத்த எப்டி, ஆளு வர்றாங்கன்னு சொல்றதுன்னு நெனச்சிட்டேன். அவரு இன்னொரு வாட்டிகூட கேட்டாரு. அப்பவும் அதேதான் சொன்னேன்... அக்கா? இன்னாக்கா, திரையக் கீழ போட்டுட்ட? எங்க போற? அக்கா, கதவு... ரெண்டு வார்த்த திட்டிட்டாச்சும் போக்கா...